பெரியாள், சித்தாள்

ஊரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போகிற கிராமம், அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட மூன்றரை சென்ட் இடம். மொத்தமாகக் கான்ட்ராக்ட் விட்டால் கட்டுப்படியாகாது என்று ஆள் கூலிக்குத்தான் விட்டிருக்கிறோம். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போய், சனிக்கிழமை சாயந்திரம் மேஸ்திரியின் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் நானே பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. முதல் சனிக்கிழமையே அந்த நோட்டில் ஒன்று கண்ணில் குத்தியது. ஆறு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொத்தனாருக்கு நாள் கூலி 1,100. பெரியாளுக்கு 850. சித்தாளுக்கு 600.

வீடு கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொத்தனார் கரணை, அதாவது கலவை அள்ளிப் பூசுகிற கருவி, பிடித்துச் சுவர் வைப்பவர், பூசுபவர். அவருக்குக் கீழே கையாட்கள் இரண்டு வகை. ஆணாக இருந்தால் பெரியாள், பெண்ணாக இருந்தால் சித்தாள். பெரியாள் கலவை போடுவார், சாரம் கட்டுவார், சிமென்ட் மூட்டை தூக்குவார். சித்தாள் செங்கல் சுமப்பார், கலவையைச் சட்டியில் வாங்கித் தலையில் வைத்து மேலே ஏற்றுவார், மணல் சலிப்பார், கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவார், சாயந்திரம் இடத்தைக் கூட்டி அள்ளுவார். சிறிய ஆள் என்கிற சிற்றாள்தான் பேச்சில் சித்தாள் ஆனது. ஐம்பது வயது அம்மாவாக இருந்தாலும் அவர் சிறிய ஆள்தான். போன வாரம்தான் வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன் பெரிய ஆள்.

என் அம்மா 22 வருடம் சித்தாளாக இருந்தவர்.

அன்றைக்குப் பணம் கொடுத்து முடித்ததும் மேஸ்திரியிடம் கேட்டேன், ஏன் அண்ணா இந்த 250 ரூபாய் வித்தியாசம் என்று. அவர் நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றுபவர் இல்லை, எங்கள் அம்மாவோடு சேர்ந்து வேலை பார்த்தவரும்கூட. "அது எங்க போனாலும் அப்படித்தாம்மா. பொம்பளைங்களுக்கு லேசான வேலைதானே" என்றார்.

லேசான வேலை. சரி என்று அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு, வேப்பமரத்தடியில் சேரைப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இரண்டு மணி நேரம். சித்தாள் அக்கா தலையில் சும்மாடு வைத்து, நடைக்கு எட்டு செங்கல் வீதம், ரோட்டோரம் கொட்டிக்கிடந்த குவியலிலிருந்து வீட்டின் பின்பக்கம் வரை 41 நடை நடந்தார். மொத்தம் 328 செங்கல். ஒரு செங்கல் கிட்டத்தட்ட மூன்று கிலோ வரும். அப்படியானால் டீ குடிக்கப் போவதற்குள் அந்த அக்கா ஒரு டன் எடையைத் தலையில் வைத்துச் சுமந்திருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரியாள் இரண்டு முறை கலவை போட்டார், நாலு மூட்டை சிமென்ட் தூக்கிவந்தார், நடுவில் உட்கார்ந்து பீடி பிடித்தார். அவரும் பாடுபடுகிறவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எது லேசு என்று யார் எதை வைத்து அளந்தார்கள்?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது 67, இரண்டு முட்டியும் போய்விட்டது, பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துதான் வேலையைக் கவனிக்கிறார். நீ வேலை பார்த்தபோது எவ்வளவும்மா என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை. 1993 வாக்கில் கொத்தனாருக்கு 80, பெரியாளுக்கு 50, சித்தாளுக்கு 35. போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50-க்கு 35 என்றால் நூற்றுக்கு 70. இன்றைக்கு 850-க்கு 600, அதுவும் நூற்றுக்கு 70. முப்பது வருடத்தில் கூலி பதினேழு மடங்கு ஏறியிருக்கிறது, அரசாங்கங்கள் மாறியிருக்கின்றன, அம்மா சுமந்த செங்கல்லில் நான் படித்து வேலைக்குப் போய்விட்டேன், அந்த 70 மட்டும் அப்படியே இருக்கிறது.

இது சட்டவிரோதம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1975-ல், சர்வதேசப் பெண்கள் ஆண்டில், முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து 1976-ல் சம ஊதியச் சட்டமாக நிறைவேற்றினார்கள். 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் இப்போது அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தச் சட்டத்தால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மும்பையில் ஒரு கப்பல் கம்பெனியில் ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அங்கே இரண்டு பேரும் செய்தது ஸ்டெனோகிராபர் வேலைதான். தட்டச்சு செய்கிறவர் ஆணா பெண்ணா என்பதைத் தவிர வேறு வித்தியாசம் காட்ட வழியில்லாமல் போனது.

கட்டட வேலையில் பெயரே வேறு. பெண் செய்தால் அது சித்தாள் வேலை, ஆண் செய்தால் பெரியாள் வேலை, இரண்டும் வேறு வேறு வேலை, ஆகவே வேறு வேறு கூலி. யாரும் யாருக்கும் குறைத்துக் கொடுக்கவில்லை, எல்லாச் சித்தாளுக்கும் சித்தாள் கூலி சரியாகப் போய்ச் சேர்கிறது. இப்படிப் பார்த்தால் என் நோட்டில்கூடத் தப்பு கிடையாது! இதுதான் என்னை ஆறு மாதமாக அரிக்கிற விஷயம். கூலியில் இருக்கிற பள்ளத்தை வேலையின் பெயருக்குள்ளேயே வெட்டி வைத்துவிட்டால், சட்டம் வந்து பார்க்கும்போது தரை மட்டமாகத்தான் தெரியும்.

வயல் வேலையிலும் இதே கதைதான். நடவும் களையும் பெண்களுக்கு, வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண்களுக்கு, ஆகவே கூலி வேறு. குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பது எப்படி வரப்பு வெட்டுவதைவிட லேசானது என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், கொடுக்கிற கூலியும் முழுதாகக் கைக்குப் போகிறதா என்பது தனிக் கதை. 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டினார்களே, அந்த வேலையிடங்கள் பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு, பெண்களுக்குக் கிடைப்பது 7 ரூபாய், மிச்சத்தை ஆள் பிடித்துவரும் ஜமாதார்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது புகார்களில் ஒன்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி அமர்வு அந்த வழக்கில் சொன்னது. அம்மாவின் காலத்தில் இன்னொரு வகை இருந்தது. புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து ஜோடியாக வேலைக்கு எடுப்பார்கள், சனிக்கிழமை இரண்டு பேர் கூலியையும் ஆண் கையில் கொடுப்பார்கள். அம்மா தன் கூலியைத் தன் கையால் வாங்கவே அஞ்சாறு வருடம் ஆனது என்றார். நான் சம்பளத்தை ஆளாளுக்குக் கையில் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 850-க்கும் 600-க்கும் நடுவில் இருப்பது 250 ரூபாய், 1,100-க்கும் 600-க்கும் நடுவில் இருப்பது 500.

பெரியாளாக வருகிற பையன் பெரியாளாகவே இருந்துவிடுவதில்லை. கொத்தனார் டீ குடிக்கப் போகிற நேரத்தில் கரணையை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். கோணலாக இருந்தால் ஒரு திட்டு விழும், கல்லைப் பிரித்துத் திரும்ப வைக்கச் சொல்வார்கள். உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடம், படிக்கட்டுக்கு அடியில் என்று பூச விடுவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் சொந்தக் கரணையும் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் வாங்கிவிடுவான், ஐந்தாவது வருடம் எங்கேயாவது கொத்தனார் கூலி கேட்பான், பத்து வருடத்தில் மேஸ்திரியாகி நோட்டுப் போடுவான். இதற்கு எந்தப் படிப்பும் கிடையாது, சான்றிதழ் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வருகிற தொழில், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்று பார்ப்பதில் சித்தாளைவிட அதிக நேரம் நின்றவர் யார்? அம்மா 22 வருடம் நின்றிருக்கிறார். கலவையைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தே சிமென்ட் குறைவா மணல் அதிகமா என்று சொல்வார். தூக்குக்குண்டு விடுவதற்கு முன்னாலேயே சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாலேயே சொல்வார், இன்றைக்கும் சேரில் உட்கார்ந்தபடி எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்று அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது என்று சொன்னார், மேஸ்திரி அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சரி செய்தார். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கொத்தனார் வராத நாட்களில் உள்பூச்சு முழுக்க அம்மாவே பூசியிருக்கிறார். அன்றைக்கும் கூலி 35 ரூபாய்தான். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரை மழையில் இடிந்து விழுந்த பிறகு அம்மா தனியாக ஒன்பது நாளில் எழுப்பினார், 2001-ல். அந்தச் சுவரில் இன்றுவரை விரிசல் இல்லை.

ஏன் கரணை கேட்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "யாரும் குடுக்கல. கேக்கணும்னும் தோணல. கேட்டா அந்த வேலையும் போயிடும்" என்றார். இந்த மூன்று வாக்கியத்தையும் நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தொழில் கற்கிற பையன் வேலை முடிந்தபிறகும் கொத்தனாரோடு சுற்றுவான், அங்கேதான் பாதித் தொழிலும் அடுத்த வேலைக்கான தொடர்பும் கிடைக்கும். சித்தாள் ஆறு மணிக்கு ஓட வேண்டும், அடுப்பு காத்திருக்கும். காலையில் நாலு மணிக்கு எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வந்தவர் அவர். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் படித்தேன்: வீட்டு வேலை செய்கிற பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது 289 நிமிடம், அதைச் செய்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை ஒரு கூலியும் இல்லாமல் முடித்துவிட்டு வருகிறவருக்குத்தான் இங்கே வந்ததும் சிறிய ஆள் என்று பெயர்.

என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது பாதி கட்டிய ஒரு வீட்டின் நிலைவாசலில் அம்மா தன் பழைய புடவையில் தூளி கட்டுவார். ஏழு வயசு எனக்கு, பள்ளிக்கூடம் போகாமல் அந்தத் தூளியை ஆட்டிக்கொண்டு சிமென்ட் தூசிக்குள் உட்கார்ந்திருப்பேன். அம்மா ஒவ்வொரு நடைக்கும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-ல் வந்த மத்தியச் சட்டத்தில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. எங்கள் வீட்டு வேலையில் இருப்பது இரண்டு பெண்கள். நம் ஊரில் எழும்புகிற வீடுகளில் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். ஐம்பது பெண்கள் சேர்கிற வேலையிடத்தை அம்மா ஆயுசில் பார்த்ததே இல்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னால் போன மாநிலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது, 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது, மத்தியச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால். அதற்காகத் தெருவில் நின்று போராடிய சங்கங்களில் பெண்கள் நிறையவே இருந்தார்கள். வாரியத்தில் பதிவு செய்தால் கல்வி உதவி, திருமண உதவி, பிரசவ உதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. என் கல்லூரி முதல் வருடப் பணத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததுதான், அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் நல வாரியம் நாள் கூலியைத் தொடாது. அதை முடிவு செய்வது மேஸ்திரிகளும் என்னைப் போல வீடு கட்டுகிறவர்களும்தான்.

அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக ஆண்களுக்குச் சமமாகக் கூலி வாங்கியது நூறு நாள் வேலையில். 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக அது வந்த மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. முட்டி வலியால் கட்டட வேலையை விட்டபிறகு 2010-லிருந்து அம்மா ஏரி வேலைக்குப் போனார். அங்கே பெரியாள் சித்தாள் கிடையாது, அட்டையில் பெயர் இருந்தால் எல்லோருக்கும் ஒரே கூலி. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்தது 336 ரூபாய், அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது, அந்தத் தொகையும் எல்லா நாளும் முழுதாக வருவதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள்தான் செய்திருக்கிறார்கள். வெளியே பெரியாள் கூலி கிடைக்கிற ஆண் எதற்கு 336-க்கு வருவான்? வெளியே என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதே அமைகிறது. சோம்பேறிகளின் திட்டம் என்று அதைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏரிக்கரையில் அம்மாவோடு மண் சுமந்த பெண்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை.

இப்போது இன்னொரு மாற்றம் நடக்கிறது. முன்பெல்லாம் மேல்தளம் போடுகிற நாள் திருவிழா மாதிரி இருக்கும், முப்பது பேர் வரிசையில் நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள், அதில் இருபது பேர் பெண்களாக இருப்பார்கள். எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று லிப்ட் வைத்த மிக்சர் ஒன்று வந்தது, கூட ஒன்பது பேர், எல்லாரும் ஆண்கள், அதில் ஆறு பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. சென்னையில் ரெடிமிக்ஸ் லாரியும் பம்ப்பும் வந்தபிறகு அந்த வேலையிலிருந்து பெண்கள் காணாமலே போய்விட்டார்கள்.

அந்தப் பையன்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்கும் கூலி வித்தியாசம்தான் காரணம். ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022-23-க்கான கிராமப்புறக் கட்டுமானக் கூலி இருக்கிறது. கேரளத்தில் சராசரி 852 ரூபாய் 50 காசு, தமிழ்நாட்டில் 500 ரூபாய் 90 காசு, நாட்டுச் சராசரி 393 ரூபாய் 30 காசு, மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய் 70 காசு. வடக்கிலிருந்து இங்கே வருவதும், இங்கிருந்து பாலக்காடு தாண்டிப் போவதும் இந்த எண்களைப் பார்த்தால் புரிந்துவிடும். தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும், ஆள் மேட்டைத் தேடிப் போவான். ஆனால் இந்த எண்கள் எல்லாமே ஆண்களின் கூலி. இந்த மேட்டைத் தேடிப் போகிற வழியும் ஆண்களுக்குத்தான் திறந்திருக்கிறது. பத்துப் பேர் ஒரே தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வர எங்கள் ஊர்ச் சித்தாள் அக்காவால் முடியுமா? பிள்ளைகளை யாரிடம் விடுவார்? அவர் போகக்கூடிய தூரம் டவுன் பஸ் போகிற தூரம்தான், அதற்குள் எந்தக் கூலி கிடைக்கிறதோ அதுதான் அவருக்கு.

2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிளாடியா கோல்டின் என்ற பேராசிரியருக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பெண்களின் 200 வருட வேலை, சம்பள விவரங்களைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தவர். படிப்பிலும் தொழிலிலும் இருந்த வித்தியாசம்தான் ஒரு காலத்தில் சம்பள இடைவெளிக்குப் பெரிய காரணம், இன்றைக்குப் பணக்கார நாடுகளில் இடைவெளி பெரும்பாலும் ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் முதல் குழந்தை பிறந்ததிலிருந்து விரிகிறது என்பது அவர் காட்டியது. படித்தபோது எனக்கு என் கதை மாதிரியே இருந்தது. ஒரே நாளில் ஒரே பதவியில் சேர்ந்த ஆண் நண்பர் ஒருவர் என்னைவிட இரண்டு படி மேலே இருக்கிறார், நான் பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய வருடம் எனக்குப் போட்ட மதிப்பீட்டில் "போதிய பங்களிப்பு இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஆனால் என் கதை அந்த ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, அம்மாவின் கதை முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை, இரண்டு வேறு வகைப் பள்ளம்.

பெண்களால் சுவர் வைக்க முடியாது என்பவர்களுக்கு: ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறைகளைக் கட்டுவதற்காகக் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்தார்கள், ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் கழிப்பறை கட்டினார்கள் அவர்கள். திருச்சூரில் ஜீவபூர்ணா என்ற பெண் கொத்தனார்கள் சங்கம் அதற்கும் பல வருடம் முன்னாலேயே வீடுகளே கட்டியிருக்கிறது. அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் 2003-ல் கட்டட வேலைப் பெண்களுக்காகவே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கெல்லாம் முதலில் நடந்தது ஒன்றுதான், யாரோ அவர்கள் கையில் கரணையைக் கொடுத்தார்கள்.

நான் இரண்டு காரியம் செய்தேன். இரண்டாவது மாதத்திலிருந்து சித்தாள் கூலியும் பெரியாள் கூலியும் எங்கள் வீட்டில் ஒன்று, 850 என்றேன். மேஸ்திரி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "உங்க வீட்டுல குடுத்துடுவீங்க, நாளைக்கு அடுத்த வீட்டுல என்கிட்ட கேப்பாங்களே, நான் எங்கம்மா போவேன்" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். வீடு கட்டுகிறவர்கள் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவாகச் சொல்கிற மேஸ்திரியைத் தேடித்தான் போவோம், அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் அதில் ஒரு பங்கு சித்தாள் தலையிலிருந்து வருவது தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு சித்தாள், ஒரு நாளைக்கு 500 ரூபாய் கூடுதல், வாரத்துக்கு 3,000. எனக்கும் அது சின்னத் தொகை இல்லை. மாடிப்படிக்குப் போட நினைத்த கிரானைட்டை விட்டுவிட்டு ரெட் ஆக்சைடு போட்டோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, காம்பவுண்டு சுவர். செங்கல் சுமந்த அந்த அக்காவுக்கு 44 வயசு, பதினெட்டு வருடமாகச் சித்தாள். காம்பவுண்டின் வடக்குப் பக்கத்தை அவர் வைக்கட்டும், அந்த நாட்களுக்குக் கொத்தனார் கூலி என்றேன். மேஸ்திரி மறுத்தார், அம்மா சேரிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ பேசினார், ஒத்துக்கொண்டார். முதல் நாள் அந்த அக்கா நாலு வரிசை வைத்தார், மெதுவாக, ஒவ்வொரு கல்லுக்கும் நூலைப் பார்த்துப் பார்த்து. இரண்டாம் நாள் ஒரு இடத்தில் வெளியே தள்ளியிருந்தது, மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுக் காட்டினார், பிரித்துத் திரும்ப வைத்தார். பெரியாளாக இருந்த பையன் அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்க முதலில் கூச்சப்பட்டான், மூன்றாம் நாள் தானாகவே கொடுத்தான். ஏழு நாள் ஆனது, கொத்தனார் செய்திருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். பணம் வாங்கும்போது அந்த அக்கா 7,700 ரூபாயை இரண்டு முறை எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் வேலை குறைந்ததும் மேஸ்திரி அவரைப் பக்கத்து ஊரில் வேறொரு வீட்டு வேலைக்குக் கூட்டிப் போனார். அங்கே சித்தாளாகத்தான். 600 என்றார்களாம், இவர் 750 கேட்டாராம், பேசிப் பேசி 650-ல் முடிந்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் கூலி பேசியது இதுதான் முதல் முறை என்று போனில் சொன்னார்.

குளியலறையிலும் பின்பக்கமும் பூச்சு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதையும் அவரே செய்யட்டும், கொத்தனார் கூலிதான் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை, "மட்டக்கட்டை அவங்ககிட்ட இல்ல, என்னுதைக் குடுக்கறேன்" என்றார். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் அடுத்த திங்கள்கிழமை வருகிறேன் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். எம்-சாண்ட் அரை யூனிட் சொல்லி வைத்திருக்கிறேன்.